குழாயடிச் சிலை

எங்கள் தெருமுனைக் குழாயடியில் ஒரு சிலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதால் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

அப்போது நாங்கள் கண்டோன்மெண்ட் பட்டாளத்தை ஒட்டிய மர்பி டவுனில் குடியிருந்தோம். வீட்டில் நானும் என் அண்ணியும் மட்டும். அண்ணன் பட்டாளத்துப் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். நெஞ்சு நோயில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகாமல் என்னோடேயே தங்கிவிட்டார். நான் பிரேசர் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியை. அண்ணி கன்னியர் மடத்திலிருந்து நூல் வாங்கிவந்து தலையணை உறைகளுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பார். அவருக்கு முப்பது வயதிருக்கும். நல்ல உயரம். எதிராளி எவ்வளவு கத்தினாலும் முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு பேசுகிறவருக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகம்.

எங்கள் தெருவுக்கும் பக்கத்து மூன்று தெருக்களுக்கும் சேர்த்து ஒரே குழாய். விடியற்காலையில் ஐம்பது குடமாவது வரிசையில் நிற்கும். சண்டை நடக்கும், சமாதானமும் அங்கேயே நடக்கும். யாருக்குப் பேறுகாலம், யார் வீட்டில் அடி உதை, எந்தத் துரை வீட்டில் ஆயா வேலை காலி என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். பெண்கள் நின்று பேசுவதற்கு எங்களுக்கு வேறு ஜாகா கிடையாது.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டில் கண்ட்ராக்டர் இருந்தார். பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் போட்டுச் சம்பாதித்தவர். தன் தாயார் நினைவாக அந்தப் பழைய இரும்புக் குழாயைப் பிடுங்கிவிட்டு வட்டமாக ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தருவதாகச் சொன்னார். நடுவில் ஒரு பெண், இடுப்பில் குடத்தைச் சாய்த்தபடி நிற்பாள். குடத்து வாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழும். பீடத்தில் இரண்டு பித்தளைக் குழாய்கள். கப்பன் பார்க்குக்குப் போனால்தான் சிலையைப் பார்க்க முடியும் என்றிருந்த எங்களுக்கு, வீட்டு வாசலிலேயே ஒன்று என்றால் பெருமையாக இருக்காதா?

சிலை செய்ய ஒப்புக்கொண்டவர் எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர். சென்னையில் கலைப் பள்ளியில் படித்தவர். வெளுத்த சட்டை, மென்மையான பேச்சு. ஒருநாள் இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"டீச்சர், உங்க அண்ணி தண்ணி எடுத்துக்கினு போறத பாத்தேன். அந்த முகம் கெடச்சா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் லேஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கெதுக்கு அந்த வேலை? ஊர்ல வேற ஆளா இல்ல?"

"கோயில்ல மாதா சுரூபம் இருக்குதே அண்ணி, அதுக்கும் யாரோ ஒருத்தங்க நின்னுதான இருப்பாங்க."

இப்படிப் பேசித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "முழுக்கை ரவிக்க போட்டு, சேலைய இழுத்துப் போத்திக்கினுதான் நிப்பேன். நீயும் பக்கத்துல இருக்கணும்" என்றார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்து வந்த பிறகு, எங்கள் முன்னறையில் அண்ணி காலிக் குடத்தோடு நின்றார். மாஸ்டர் களிமண்ணில் தலையை மட்டும் பிடித்தார். அவர் பார்வை ஒரு தடவைகூடக் கழுத்துக்குக் கீழே போகவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு கண்ணியமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். களிமண் முகம் முடிந்த அன்று அண்ணி அதை வெகுநேரம் பார்த்தார். "உங்க அண்ணன் இருந்தா சிரிச்சிருப்பார்" என்றார். அவருக்கு அது பிடித்திருந்தது.

திறப்பு விழா ஒரு ஞாயிறு மாலை. பங்குச் சாமியார் வந்திருந்தார். கண்ட்ராக்டர் சரிகைத் தலைப்பாகையில் வந்தார். குழாயடிப் பெண்கள் எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள். அண்ணியை அவர்களே நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். கண்ட்ராக்டர் கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது.

முகம் அண்ணியுடையது. கழுத்துக்குக் கீழே இருந்தது யாருடைய உடம்பு என்று எனக்குத் தெரியாது. ரவிக்கை இல்லை. நனைந்து ஒட்டிய சேலை என்று மாஸ்டர் நினைத்துச் செய்திருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்குச் சேலை என்று ஒன்று இருப்பதே இடுப்புக்குக் கீழே சில மடிப்புகளில்தான் தெரிந்தது.

ஆண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் வந்தது. சாமியார் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு மந்திரத்தை வேகமாகச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அண்ணியின் இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகியதை நான் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் அவரைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்கு இடம் காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டார்.

"நீ முன்னாடியே பாத்தியா?"

"இல்ல அண்ணி."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

மறுநாள் நான் மாஸ்டரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"டீச்சர், நம்ம பழைய கோயிலுங்கள்ல போய் தூணெல்லாம் பாருங்க. நம்ம கலையே அப்படித்தான். அசிங்கம் பாக்கறவன் கண்ணுல இருக்குது."

அந்தத் தூண்களில் நிற்பவளின் முகத்தோடு பக்கத்துத் தெருவில் ஒருத்தி குடம் தூக்கிக்கொண்டு நடக்கவில்லையே என்ற பதில் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. வந்தபோது அவர் லீவில் போயிருந்தார்.

முதல் வாரம் விளையாட்டுப்போலத் தொடங்கியது. சிலையின் உதட்டில் பீடித் துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். பிறகு வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துத் தடவினார்கள். கரியால் என்னென்னவோ கிறுக்கினார்கள். ஒரு ஆசிரியையாக அந்த எழுத்துப் பிழைகளைக்கூட என்னால் மறக்க முடியவில்லை. பிறகு கை வைக்க ஆரம்பித்தார்கள். தொட்டி விளிம்பில் ஏறி நின்றால் கைக்கு எட்டும். ஒரு மாதத்தில் மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறச் சிமெண்டாக இருக்க, மார்பு மட்டும் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளத்தது. வெயில் பட்டால் மின்னும்.

யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் ரவுடிப் பையன்கள் என்பார்கள். பொய். நான் பார்த்தவர்களைச் சொல்கிறேன். தொப்பி வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறவர் ஒருவர். கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு, அந்தக் கையாலேயே தொட்டுவிட்டுப் போவார். கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவர் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டு என் முன்னால் வந்தபோது அவர் விரல்களைத்தான் பார்த்தேன். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனேன்.

எதிரில் ஒரு டீக்கடை முளைத்தது. இருபது ஆண்கள் எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரிப் பக்கத்துக் குழாய்க்குப் போகத் தொடங்கினார்கள். போக வர அரை மணி நேரம். முதலில் வயசுப் பெண்கள் போனார்கள், பிறகு எல்லோரும். நிறைமாதக்காரிகூட இடுப்பில் குடத்தோடு அவ்வளவு தூரம் நடந்தாள். எங்கள் குழாயில் தண்ணீர் நாளெல்லாம் கொட்டியது. அதில் முகம் கழுவ ஆண்கள்தான் வந்தார்கள்.

அண்ணி மட்டும் அங்கேயே போய்வந்தார். "செல வருது பாரு" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் குடத்தை வைத்து, நிரம்பும்வரை நின்று, தூக்கிக்கொண்டு திரும்புவார். நடை வேகமாகாது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது நானும் அவரும் தெருமுனைவரை சேர்ந்து போவது பழக்கம். எனக்குச் சீக்கிரம் போக வேண்டியிருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தேன். அவரோடு சேர்த்து என்னையும் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அந்தச் சந்தில் சாக்கடை வழிந்துகொண்டிருக்கும். அதைத் தாண்டித் தாண்டித்தான் போவேன், ஆனாலும் அந்த வழிதான் எனக்குத் தேவலை என்றிருந்தது.

ஒரு நாள் அண்ணி கண்ட்ராக்டரைப் பார்க்கக் கிளம்பினார். இந்த முறை நானும் கூடப் போனேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, அந்தச் செலைய எடுத்துடுங்க" என்றார் அண்ணி.

"ஏம்மா? அது எங்கம்மா நெனவா வெச்சது."

"உங்கம்மா நெனவா வெச்சத ஊர்ல என்ன பண்றாங்கன்னு வந்து பாத்தீங்களா?"

அவர் முகம் கறுத்தது. "பசங்க கலாட்டா பண்ணுவானுங்க. நாலு நாள்ல அலுத்துடும்."

"அது என் மூஞ்சிங்கய்யா."

"யாரும்மா சொன்னது? பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் ஒண்ணாட்டம்தான் இருக்குது. நீயா போய் என்னுது என்னுதுன்னு சொல்லிக்கினு இருந்தா, அப்புறம் ஊரு பேசத்தான் செய்யும்."

அண்ணி முழுவதும் கேட்டார். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது கண்ட்ராக்டர் பின்னாலிருந்து சொன்னார்: "ஒரு சேல கட்டிவிடச் சொல்றேன். போதுமா?"

சொன்னபடி கட்டிவிட்டார்கள். தெருப் பெரியவர்கள் நாலு பேர் நின்று, மஞ்சள் நூல் சேலை ஒன்றைச் சிலையின் மேல் சுற்றிக் கயிற்றால் கட்டினார்கள். ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்டவர்கள்போல் கையைத் தட்டிக்கொண்டு போனார்கள். அது நிலைமையை இன்னும் கேவலமாக்கியது. அதுவரை தொட்டவர்கள் இப்போது அவிழ்க்கக் கற்றுக்கொண்டார்கள். மாலையில் டீக்கடையில் பந்தயம் கட்டி அவிழ்ப்பார்கள். காலையில் பெரியவர்கள் வந்து மறுபடி கட்டுவார்கள். ஐந்தாம் நாள் சேலையையே காணவில்லை. பிறகு யாரும் கட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. பத்து மணி இருக்கும். அண்ணி கரி உடைக்கிற சுத்தியலை எடுத்து நூல் பையில் போட்டுக்கொண்டார்.

"வா."

"எங்க அண்ணி?"

"குழாயடிக்கு. நீ தூரமா நின்னா போதும்."

நான் தூரமாகத்தான் நின்றேன். தெரு முழுவதும் ஆட்கள் இருந்தார்கள். அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். முழங்கால்வரை தண்ணீர். பீடத்தில் ஏறி நின்று, தன் முகத்துக்கு நேராக நின்ற அந்த முகத்தை ஒருமுறை பார்த்தார். முதல் அடியில் மூக்கு போனது. சிமெண்டு நன்றாக இறுகியிருந்தது. ஏழெட்டு அடி அடித்தார். கன்னம் தனியாக வந்தது, பிறகு வாய். உள்ளேயிருந்த இரும்புக் கம்பி வெளியே துருத்தியது. தெறித்த தூள் அவர் முடியெல்லாம்.

டீக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, ஊர் சொத்தும்மா அது."

"ஊர் சொத்துதான். மூஞ்சி மட்டும் என்னுது" என்றார் அண்ணி, அடிப்பதை நிறுத்தாமல்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். என்ன நடக்கிறது என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணி கன்னடத்திலேயே பதில் சொன்னார்: இது என்னைப் பார்த்துச் செய்தது, நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். போலீஸ்காரர் சிலையைப் பார்த்தார், அதன் கறுத்த பளபளப்பைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார். கண்ட்ராக்டர் புகார் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ட்ராக்டர் கொடுக்கவில்லை. அண்ணி உடைந்த துண்டுகளையெல்லாம் தண்ணீருக்குள் துழாவி எடுத்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, புறக்கடையில் தூளாகும்வரை இடித்தார்.

பத்து நாள் தெரு அடங்கியிருந்தது. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, தொப்பிக்காரர் ஆபீஸுக்குப் போகிற வழியில் நின்று, பழையபடி தொட்டுவிட்டுப் போனார். மேலே முகத்துக்குப் பதில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அடுத்த நாள் மற்றவர்களும் வந்தார்கள். பார்க்க ஒரு முகம் இல்லாதது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டதோ என்னவோ.

அண்ணி அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி போனா விட்டுடுவானுங்கன்னு நெனச்சேன்" என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டு, "அவனுங்களுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருந்ததே தெரியாது போல" என்றார்.

மடத்துச் சகோதரிகள் நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தொட்டவர்களில் எவருக்கும் எதுவும் நிற்கவில்லை. காணிக்கைத் தட்டு அதே கையில்தான் சுற்றிவந்தது. இரண்டு மாதத்தில் அண்ணி தங்கவயலுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே சுரங்கத்தில் அவருடைய தம்பி வேலை பார்த்தான். ரயில் நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "வேளாவேளைக்குச் சாப்புடு" என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டருக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் ஆசிரியர் அறையில், தன் நல்ல வேலையை ஜனங்கள் நாசம் செய்துவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டார். நான் எழுந்து, "சார், நீங்க முகம் மட்டும்தான கேட்டீங்க" என்றேன்.

"வெறும் முகத்த வெச்சுக்கினு செல பண்ண முடியுமா டீச்சர்?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தலையில்லாச் சிலை அதற்குப் பிறகும் பல வருஷம் நின்றது. யுத்தம் வந்து, கண்டோன்மெண்ட் முழுவதும் பட்டாள லாரிகளாக ஆனபோது, திரும்புவதற்கு இடைஞ்சல் என்று தெருமுனையை அகலப்படுத்தினார்கள். ஒரே காலையில் தொட்டியோடு பெயர்த்தார்கள். யாரும் எதிர்க்கவில்லை. கண்ட்ராக்டர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். உடைத்த ஆட்களில் ஒருவன், லாரியில் ஏற்றுவதற்கு முன்னால், அந்த உடம்பைப் பார்த்து ஏதோ சொன்னான். கூட நின்றவன் சிரித்தான். குப்பையாகப் போகிறபோதும் அதை விடவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் குளித்தேன். பிற்பாடு அந்த இடத்தில் செங்கல் வைத்துச் சாதாரணக் குழாய் ஒன்று போட்டார்கள்.

அடுத்த விடுமுறையில் தங்கவயலுக்குப் போனேன். அண்ணி சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் தம்பி மனைவியோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. சிலையைப் பெயர்த்ததை நான் சொல்ல, அவர் பருப்பு அரைத்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி நல்லா வருதா?"

"வருது அண்ணி. திரும்பவும் எல்லாரும் அங்கதான் புடிக்கறாங்க."

"அப்ப சரி."

எனக்கு அது போதவில்லை. இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததையும் சொன்னேன். அந்த நாட்களில் பின்சந்து வழியாகப் போனேன் என்றேன்.

"தெரியும்" என்றார். "உன் சேல ஓரமெல்லாம் தெனம் சேறா இருக்கும். நான்தான தொவச்சேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. மன்னிப்பு என்று சொல்லக்கூடியதும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். அன்று எனக்கு என் மேலேயே எழுந்த அருவருப்பு வேறு எவர் மேலும் எழுந்ததில்லை. காணிக்கைத் தட்டுக்காரர் மேலும் இல்லை.

சுரங்கத்துச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் புழுதியோடு வரத் தொடங்கினார்கள். அண்ணி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எலைய எடுத்துப் போடு, நிக்க வெக்காத" என்றார். நான் இலைகளை எடுத்துப் போட ஆரம்பித்தேன்.